பெயருக்கு ஒரு பூ

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1941-ல் திறக்கப்பட்ட போர் நினைவகம் ஓர் அருங்காட்சியகமும் கூட. அதன் நடைக்கூடச் சுவர்களில் உள்ள வெண்கலப் பலகைகளில், போர்களில் உயிரிழந்த 1,03,000 பேரின் பெயர்கள். பதவி கிடையாது, பதக்கம் கிடையாது, பெயர் மட்டும். சரி, லட்சம் பெயர்களை யார் நின்று படிப்பார்கள்? பேரேட்டைப் பார்ப்பது போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது பார்வையாளர்கள்தான்! பிரான்சில் புதைக்கப்பட்டிருந்த, அடையாளம் தெரியாத வீரர் ஒருவரின் உடல் 1993 நவம்பர் 11 அன்று இங்கே அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் பூ வைக்க அந்தச் சுவரோரம் வரிசையில் நின்றவர்கள், சிவப்பு பாப்பிப் பூக்களை (நம்ம ஊர் கசகசாவின் உறவுக்காரப் பூ) பலகை இடுக்குகளில் பெயர்களுக்குப் பக்கத்தில் செருகினார்கள். அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கான பூக்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையும் ஒரு பெயரைத் தேடிப் பூ வைக்கலாம்.

முதல் உலகப்போரின் நூற்றாண்டையொட்டி, அதில் இறந்த சுமார் 62,000 பேரின் பெயரையும் வயதையும் பள்ளிப் பிள்ளைகள் வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு அதே நடைக்கூடத்தில் ஒலித்தது. ஒரு சின்னக் குரல் ஒருவரின் பெயரைச் சொல்லி "பத்தொன்பது" என்று நிறுத்தினால், எந்தப் பீரங்கியைப் பார்ப்பதை விடவும் அது கனமானது.

2013 முதல் தினமும் மூடும் நேரத்தில், அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரின் கதையைச் சொல்கிறார்கள். நாளுக்கு ஒருவர். அந்தக் கணக்கில் பட்டியல் முடிய 280 வருடங்களுக்கு மேல் ஆகும்.