எஸ். குணாளன்: விங்கரிலிருந்து தற்காப்புக்கு

எஸ். குணாளன் (பிறப்பு 1986) மலேசியத் தேசியக் காற்பந்து அணிக்கும் ஜொகூர் டாருல் தக்சிம் அணிக்கும் ஆடிய தமிழர். வலது ஓரத்தில் பாய்ந்து தாக்கும் விங்கராகப் பெயரெடுத்து, ஜொகூரில் வலது தற்காப்பு ஆட்டக்காரராகவும் நிலைபெற்றவர். மலேசியக் காற்பந்தில் தமிழர்கள் தற்காப்பில் நிற்பது புதிதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் எம். சந்திரன், சோ சின் ஆனுடன் சேர்ந்து தற்காப்பில் ஆடியிருக்கிறார்.

குணாளனின் முதல் வளர்ச்சி நெகிரி செம்பிலான் அணியில். 2009, 2011 ஆகிய இரு ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தையும், இடையில் 2010இல் எஃப்ஏ கிண்ணத்தையும் அந்த அணி வென்றது. அவருடைய வேகம் நாடறிந்தது அப்போதுதான். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த தேசிய அணி, 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இறுதியின் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வீழ்த்தி, தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. அந்த அணியின் விங்கர் குணாளன். புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்று, ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் கிண்ணம் மலேசியாவுக்கே வந்தது. பிறகு சிலாங்கூரில் இரு பருவங்கள் ஆடினார்.

2014இல் ஜொகூருக்கு வந்ததே அவருடைய வாழ்க்கையின் திருப்பம். முந்தைய ஆண்டுதான் ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிமின் தலைமையில் அந்த அணி மறுசீரமைக்கப்பட்டிருந்தது. இத்தாலியின் சிமோனே டெல் நேரோ, ஸ்பெயினின் டானி குயிசா ஆகியோரையும் ஒப்பந்தம் செய்திருந்தது. வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்கள் நிறைந்த அணியில் உள்ளூர் விங்கருக்கு இடம் கிடைப்பது கடினம். வேகமும் மூச்சும் உள்ளவர் தற்காப்புக்கு இறங்குவது இயல்பான வழி.

இறங்குவது எளிதல்ல. விங்கர் பந்தை வாங்கும்போது எதிரணியின் கோலை நோக்கி நிற்கிறார். பந்தை இழந்தாலும் பின்னால் காக்க ஆளுண்டு. வலது தற்காப்பில் நிற்பவரோ இடப்பக்கத்திலிருந்து உயரமாக வரும் பந்தைக் கவனிக்கும்போதே, தன் முதுகுக்குப் பின்னால் தூரக் கோல் கம்பத்தருகே நழுவும் ஆளையும் விட்டுவிடக் கூடாது. ஆஃப்சைடு கோட்டில் மற்ற மூவரோடும் ஒரே நேரத்தில் முன்னேறவும் பின்வாங்கவும் வேண்டும். இதையெல்லாம் இளம் வயதிலன்றி, விங்கராகப் புகழ்பெற்ற பின் கற்பவர் சிலரே. இத்தாலியின் ஜான்லூகா சாம்ப்ரோட்டா அத்தகையவர். யுவெண்டஸில் ஓர நடுக்கள ஆட்டக்காரராகச் சேர்ந்து, மார்செல்லோ லிப்பியின் கீழ் தற்காப்புக்கு மாறி, வலமும் இடமும் ஆடவல்லவராகி, 2006 உலகக் கிண்ணம் வென்ற அணியில் இடம்பெற்றார். குணாளன் ஆடிய அரங்கு சிறியது. ஆனால் மாற்றம் அதே வகையானது. பந்தைப் பறித்தவுடன் தானே ஓரமாக ஓடி முன்னேறும் பழைய பழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. தற்காப்பில் அதுவே அவருடைய பலம்.

ஜொகூர் அணி 2014 முதல் மலேசிய சூப்பர் லீக்கை விடாமல் வென்றுவருகிறது. அந்தத் தொடர்வெற்றியின் முதல் பருவத்திலேயே குணாளன் அணியில் இருந்தார். 2015 அக்டோபர் 31இல் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கிண்ணத்தைப் பெற்ற முதல் தென்கிழக்காசியக் கழகமாக ஜொகூர் ஆனது. 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணமும் வந்தது. 2019இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் முதன்முறை நுழைந்த அணி, அப்போதைய ஆசிய வெற்றியாளரான ஜப்பானின் காஷிமா ஆண்ட்லர்ஸைத் தன் சொந்தத் திடலான லார்க்கினில் 1-0 எனத் தோற்கடித்தது.

2020இல் பகாங்கிலிருந்து மேத்யூ டேவிஸ் வந்து சேர்ந்ததும் வலது தற்காப்பு இடத்துக்குப் போட்டி கூடியது. அதே ஆண்டு இஸ்கந்தர் புத்ரியில் 40,000 இருக்கைகள் கொண்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்பட்டு, ஜொகூர் அணிக்கு லார்க்கின் திடலின் காலம் முடிந்தது.