மணி ஒலித்தது, கதவு திறந்ததா?

நமது பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகளில் அஞ்சலோட்டம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஒருவன் ஓடிக் களைக்கும் இடத்தில் மற்றொருவன் அவன் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டு புது வலுவோடு ஓடுகிறான். ஒரு வானொலி நிலையம் பிறிதொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்புவதையும் அஞ்சல் என்றே சொல்லிவந்தனர். மின்னியலார் ரிலே என வழங்கும் சிறு கருவியின் தொழிலும் இதுவேயாகும். மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகடு அசைந்து வேறொரு மின்சுற்றை மூடுகிறது அல்லது திறக்கிறது. முதல் மின்னோட்டம் எத்துணை நலிந்ததாயினும் இரண்டாவது தன் சொந்த வலுவோடு புறப்படும்.

இன்று பெரிய கட்டிடங்களில் தீ அறிவிப்புத் தொகுதிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மேலும் சில ரிலேக்கள் கொண்ட தட்டுகளைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பது செலவுக் கணக்குப் பார்ப்போர் முன்னிலையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் விடயம். "மணி அடிக்கிறதல்லவா, போதும்" என்பதே பெரும்பாலும் தீர்ப்பு. இத்தீர்ப்பு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நமது மன்னார்க் கரையையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

மின்சாரம் வருமுன் மனிதனே ரிலேயாக இருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்புக்கும் சென்னைக்கும் இடையிலான தரைவழித் தபால், ஓட்டக்காரர் கைமாறி மன்னாருக்கு வந்து, தோணியேறி இராமேசுவரம் சென்றது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கிற்று. (அதுவரை காலித் துறைமுகத்திற் கிடைக்கும் செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுவரப் பத்திரிகையொன்று புறாக்களை வளர்த்து வந்தது என்பது சுவையான செய்தி.) அக்காலத்தை ஒட்டியே மன்னார் வழியாகக் கடலடிக் கம்பி போடப்பட்டு, இலங்கை இந்தியத் தந்தியோடு இணைந்தது.

ரிலே இத்தந்தியின் குழந்தை. நீண்ட கம்பியில் மின்னோட்டம் நலிவடையும். நலிந்ததைப் புதுப்பிக்கும் வழி தேடியபோது அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1835ஐ ஒட்டி இக்கருவியின் கருத்தை உருவாக்கினார். இங்கிலாந்தில் எட்வர்ட் டேவி 1838இல் இத்தகையதொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1844இல் வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே மோர்ஸ் அமைத்த தந்தி அதனை உலகறியச் செய்தது.

மன்னார் வழிச் சென்ற கம்பி யாருக்காகப் பேசிற்று? 1830களின் இறுதி தொடங்கித் தமிழ்நாட்டின் ஏழை மக்கள் கோப்பித் தோட்டங்களில் கூலி வேலை நாடித் தோணிகளில் வந்து இக்கரையில் இறங்கினர். இங்கிருந்து வடபாதை வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வறண்ட காடு, குடிக்க நல்ல நீர் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் நடந்தன. வழியில் வீழ்ந்து மடிந்தோர் பல்லாயிரவர். கோப்பியின் விலையும் அரசாங்கத்தின் கட்டளையும் மின்னல் வேகத்திற் கடல் கடந்த அதே நிலத்தில், வீழ்ந்து கிடந்த மனிதனைப் பற்றிய செய்தி அரிதாகவே உதவியாக மாறிற்று. கருவி இல்லாமையன்று இதன் காரணம். அச்செய்தியை வாங்கி அடுத்த செயலைத் தொடக்கும் கடமை எவர்மீதும் பூட்டப்பட்டிருக்கவில்லை.

இதே காலத்தில் தந்தியைத் தீயணைப்புக்குத் திருப்பிய பெருமை பொஸ்ரன் நகரைச் சாரும். வில்லியம் சானிங் என்னும் மருத்துவர் 1845இல் இக்கருத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். மோசஸ் ஃபார்மர் என்னும் பொறியியலாளர் துணைநிற்க, 1852 ஏப்ரல் இறுதியில் அத்தொகுதி இயங்கத் தொடங்கியது. தெருவோரப் பெட்டியிலிருந்து செய்தி நடு நிலையத்துக்குச் சென்றது. நடு நிலையத்திலிருந்து மின்காந்தங்களின் வழியே நகரின் மணிகள் ஒலித்தன. மருத்துவராகிய சானிங் இதனை மனித உடலின் நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டார். உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகள் ஒருவகை. தசையை இயக்கும் நரம்புகள் மற்றொருவகை. விரல் சுட்டதென்று மூளை அறிந்தால் மட்டும் போதாது. கை விலக வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நமது கட்டிடங்களில் முதல் வகை நரம்பே வளர்ந்தது. இரண்டாம் வகை பெரும்பாலும் ஒரு மணியோடு நின்றுவிட்டது எனலாம்.

மணி எப்போதுமே போதாதது என்று சொல்லவரவில்லை. மன்னார்த் தீவின் மீனவ ஊர்களில் கிடுகு வாடியொன்று தீப்பிடித்தால் கோயில் மணியை விடாது அடிப்பார்கள். அங்கே மணியே போதும். ஏனெனில் ஊரே ரிலே. மணியோசை கேட்டவர் தண்ணீர் சுமப்பார், பக்கத்து வாடியின் கிடுகைப் பிய்த்தெறிவார், உள்ளே உறங்கும் முதியவரைத் தூக்கிவருவார். வாடிக்குப் பூட்டுமில்லை, இழுத்தால் வரும் தட்டிக் கதவுதான். ஐந்து மாடிக் கட்டிடத்தில் நிலைமை வேறு. அங்கே காற்றாடிகள் புகையை மாடிக்கு மாடி ஏற்றும். மின்தூக்கி மனிதரைத் தீயெரியும் தளத்திலேயே கொண்டு சேர்க்கும். கதவுகள் காந்தப் பூட்டால் இறுகியிருக்கும். மனிதக் கை எட்டாத இவற்றையெல்லாம் மணியோசை அசைக்காது.

1911 மார்ச் 25ஆம் நாள் நியூயோர்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் நடந்ததை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். தொழிற்சாலை ஒரு பத்து மாடிக் கட்டிடத்தின் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில் இருந்தது. தீ எட்டாம் மாடியில் மூண்டது. அங்கிருந்து தொலைபேசி வழியே பத்தாம் மாடிக்குச் செய்தி சென்றது. முதலாளிகளும் அலுவலரும் இருந்த மாடி அது. அவர்கள் கூரை வழியே தப்பினர். நடுவில் இருந்த ஒன்பதாம் மாடியின் தையற் பெண்களுக்கு எவரும் அறிவிக்கவில்லை. தொலைபேசி இணைப்பு பத்தாம் மாடியின் இணைப்புப் பலகையைக் கடந்தே ஒன்பதாம் மாடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. பலகையருகே இருந்தவர் எழுந்தோடிவிட்டார். ஒன்பதாம் மாடிக்குத் தீயே நேரில் வந்து செய்தி சொல்லிற்று. படிக்கட்டுக் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் இளம் பெண்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவே செய்தி தாண்டிச் சென்ற அந்த ஒரு மாடியை வர்க்க சமுதாயத்தின் குறுக்குவெட்டுப் படம் என்பது மிகையாகாது.

ரிலேயின் வரலாற்றில் மற்றொரு பாடத்தை இரயில் பாதை கற்பித்தது. 1872இல் வில்லியம் றொபின்சன் என்பவர் தண்டவாளத்தினூடே எப்பொழுதும் மின்னோட்டம் செல்லுமாறு ஒரு சுற்றை அமைத்தார். மின்னோட்டம் இருக்கும்வரை ரிலே ஈர்க்கப்பட்டிருக்கும். வழி திறந்திருப்பதாகப் பொருள். வண்டி வந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் செத்தாலும் ரிலே விழும், அபாயம் காட்டும். கருவி பழுதாவதையே எச்சரிக்கையாக மாற்றிய இச்சிந்தனை மிக உயர்ந்தது. பேச்சின்மையைப் பாதுகாப்பு எனக் கொள்ளலாகாது என்பதே அதன் சாரம்.

மன்னார் மக்கள் இதனை ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். 1914 முதல் தலைமன்னார்த் துறையும் தனுஷ்கோடியும் கப்பலாலும் இருபுறத்து இரயிலாலும் இணைந்திருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் ஒரு பெரும் புயல் இலங்கையின் வட பகுதியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் புகுந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் வண்டி, ஊருக்குச் சற்றுத் தொலைவில் கைகாட்டியின் சமிக்ஞை கிடைக்காமல் நின்றது என்றும், காத்திருந்து பார்த்தபின் ஓட்டுநர் ஊதல் ஒலித்து வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. கடல் எழுந்து வண்டியை விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இக்கரையைத் தாக்கிய புயல் அக்கரையை அடையச் சில மணி நேரம் இருந்தது. அந்நேரம் வீணாகக் கழிந்தது.

இனி அந்தச் சிறு தட்டுக்கு வருவோம். சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சில ரிலேக்களே இருக்கும்; 'தீ' என அறிவிக்க ஒன்று, 'பழுது' என அறிவிக்க ஒன்று என்பது வழமை. மேலும் நான்கோ எட்டோ ரிலேக்கள் கொண்ட தட்டை இணைக்கும்போது, எத்தளத்தில் தீ மூண்டால் எக்கருவி என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியே வகுக்க இயல்கிறது. காற்றோட்ட இயந்திரம் நிற்க வேண்டும். மின்தூக்கி கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கதவு திறந்து நிற்க வேண்டும். சமையற்கூடத்தின் எரிவாயு வால்வு மூட வேண்டும். வெளியேறும் வழியின் காந்தப் பூட்டு விடுபட வேண்டும். புகைதடுக்கும் கதவோ இதற்கு மாறாக, அதனைத் திறந்து பிடித்திருக்கும் காந்தம் விட்டுவிட, தானே சாத்திக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ரிலேயிலும் மூன்று முனைகள் உண்டு: ஒன்று பொது, ஒன்று இயல்பில் திறந்தது, ஒன்று இயல்பில் மூடியது. எந்த முனையில் கம்பியை மாட்டுவது என்பதில் ஓர் அறம் அடங்கியிருக்கிறது. காந்தப் பூட்டு மின்சாரம் உள்ளவரைதான் பிடித்திருக்கும். அம்மின்சாரம் இயல்பில் மூடிய முனை வழியே சென்றால், தீ அறிவிப்பு வந்தவுடன் சுற்று அறுந்து கதவு விடுபடும். கம்பி எரிந்து அறுந்தாலும் விடுபடும். றொபின்சனின் தண்டவாளச் சுற்று இங்கே கதவாக மாறிவிடுகிறது. பூட்டைத் திறப்பதற்கு மின்சாரம் தேவை என்னும் வகையில் அமைத்தாலோ, தீ முதலில் கம்பியை எரித்துவிட்டால் உள்ளே இருப்போர் கதி என்ன?

வேறு நுணுக்கங்களும் உண்டு. இத்தட்டுகளின் முனைகள் பொதுவாக 24 வோல்ற்று அளவிலான சிறு மின்னோட்டத்துக்கே ஏற்றவை. பெரிய மோட்டாரை நிறுத்த இடையில் வலுவான தொடுகருவி ஒன்று வேண்டும். தட்டு கூடும்போது மின்கலத்தின் சுமையும் கூடும். மின்தடைக்குப் பின்னர் 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் பின்னும் அரை மணி நேரம் அலறக்கூடிய மின்கலம் வேண்டும் என்பது பிரித்தானிய வழக்கு. இதைக் கணக்கிடாமல் தட்டை மட்டும் சேர்ப்பவர், அஞ்சலோட்டத்திற்கு ஆளைச் சேர்த்துவிட்டு அவனுக்குச் சோறு போட மறந்தவராவார்.

ஆனால் எந்த ரிலேயாலும் செய்ய முடியாத காரியம் ஒன்றுண்டு. ஒருவர் சட்டைப்பையில் சாவியுள்ள ஆமைப்பூட்டை அது திறக்காது. 2012 நவம்பர் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது மணி ஒலிக்கத்தான் செய்தது. ஒலித்தபின், ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் தொழிலாளரைத் தையல் இயந்திரங்களுக்குத் திருப்பியனுப்பினர். வாயிற் கம்பிக் கதவுகள் பூட்டியிருந்தன. குறைந்தது 112 பேர் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் கராச்சியில் 250க்கு மேற்பட்டோர் இவ்வாறே பூட்டிய வழிகளுக்கு உள்ளே மடிந்தனர்.

மறு ஆண்டு ஏப்ரலில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பின்னரே உலகத் தொழிற்சங்கங்கள் பெரும் ஆடை வணிகரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தன. அதன்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. தீ அறிவிப்புத் தொகுதிகள் வந்தன. தீத்தடுப்புக் கதவுகள் வந்தன. பூட்டக்கூடிய கம்பிக் கதவுகள் அகற்றப்பட்டன. பொறியியல் அறிவு இவற்றை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. அவ்வறிவைக் கதவு வரை கொண்டுசென்றது சங்கமாகத் திரண்ட தொழிலாளர் கை. 2023இல் பாகிஸ்தானிலும் இத்தகைய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

நமது பகுதி இவற்றுக்கு வெளியே இல்லை. 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே தைப்பவர் பெரும்பாலும் போர் கண்ட வீடுகளின் பெண்கள். 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் இரயில் வந்தது. மாடிக் கட்டிடங்கள் பெருகுகின்றன. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தீயிலிருந்து தப்பும் வழிகளைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் 94 குழந்தைகள் கருகிய பின்னர், மாடி வகுப்பறையையும் அதன் ஒடுங்கிய படிக்கட்டையும் ஆசிரியர் எவரும் பழைய கண்ணோடு பார்த்தல் இயலாது.

மாடிக் கட்டிடத்தில் பணிபுரியும் ஆசிரியரும் அங்கே தைக்கும் தொழிலாளியும் கேட்டுப் பெறவேண்டிய ஒரு தாள் உண்டு. எத்தளத்தில் தீ மூண்டால் எக்கதவு திறக்கும், எந்த இயந்திரம் நிற்கும் என்று வரிசையாக எழுதப்பட்ட அட்டவணை அது. தொகுதியை அமைப்பவர் அதனைத் தயாரித்தே ஆகவேண்டும். சோதனை நாளில் பலரும் மணிக்கு அருகே நின்று காதைப் பொத்திக்கொள்வர். ஒருவர் அந்தத் தாளோடு பின்புறப் படிக்கட்டின் அடியில் நின்று, கதவைத் தம் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.