ஜப்பானில் நிலையற்ற வேலையும் தன்னடையாளமும்

ஜப்பானில் ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது தாம் பணியாற்றும் நிறுவனத்தின் பெயரை முதலிலும், தம் பெயரை அதன் பின்னரும் சொல்வது வழக்கம். 1990களில் நிலையான வேலைமுறை தளர்ந்தபோது, ஒரு தலைமுறையினரில் பலர் வருமானத்தோடு, தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் வழியையும் இழந்தனர்.

வாழ்நாள் வேலை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வளர்ச்சிக் காலத்தில், பெரிய நிறுவனங்கள் படிப்பை முடித்தவர்களை ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒருசேரப் பணியில் சேர்த்தன. ஓய்வு பெறும்வரை ஒரே நிறுவனம், பணிமூப்புக்கு ஏற்ற ஊதியம், நிறுவனத்துக்குள்ளேயே தொழிற்சங்கம் ஆகியவை இம்முறையின் தூண்களாக இருந்தன. பெண்கள் பலரும் சிறு நிறுவனத் தொழிலாளர்களும் இதற்கு வெளியே இருந்தனர். ஆயினும் ஓர் ஆணின் சமூக மதிப்பை இதுவே தீர்மானித்தது.

சட்டமும் நெருக்கடியும்

1985இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அனுப்புகைச் சட்டம், இடைத்தரகு நிறுவனங்கள் தற்காலிகப் பணியாளர்களை அனுப்புவதைச் சில சிறப்புத் தொழில்களில் மட்டும் அனுமதித்தது. 1999இல் அது பெரும்பாலான தொழில்களுக்கும், 2004இல் தொழிற்சாலை உற்பத்திக்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கிடையே 1990களின் தொடக்கத்தில் பங்கு, நில விலைகள் சரிந்தன. நிறுவனங்கள் பழைய ஊழியர்களைக் காத்துக்கொண்டு, புதியவர்களைச் சேர்ப்பதைக் குறைத்தன. படிப்பு முடிந்த ஆண்டில் வேலை கிடைக்காதவர்களுக்குப் பின்னர் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. இவர்களே "வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை" எனப்படுகின்றனர்.

சொற்களில் தெரியும் மாற்றம்

பகுதிநேர வேலைகளில் வாழும் இளைஞரைக் குறிக்க 1980களின் இறுதியில் "ஃப்ரீட்டர்" என்ற சொல் பரவியது. முதலில் நிறுவனத்துக்குக் கட்டுப்படாத சுதந்திரத்தைக் குறித்த அச்சொல், பின்னர் வழிதவறியவர் என்ற இகழ்ச்சியை ஏற்றது. நிரந்தர ஊழியரைக் குறிக்கும் "செய்ஷாயின்" என்பதன் முதல் எழுத்துக்கு "முறையான" என்று பொருள். மற்றவர்களுக்கு வழங்கும் "ஹிசெய்கி" என்ற சொல்லோ அம்முறைமையையே மறுக்கிறது.

2008இன் குளிர்காலம்

2008இன் உலக நிதி நெருக்கடியில் அனுப்புகைத் தொழிலாளர்கள் முதலில் நீக்கப்பட்டனர். நிறுவன விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் வேலையோடு வீட்டையும் முகவரியையும் இழந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொண்டர்கள் கூடாரங்கள் அமைத்தனர். ஏறத்தாழ 500 பேர் அங்குத் தஞ்சம் புகுந்தனர். தனிமனிதரின் சோம்பல் என்று பேசப்பட்டது, ஒரு வேலைமுறையின் விளைவு என்பதை நாடு கண்கூடாகக் கண்டது.

பனியுகத் தலைமுறைக்கான சிறப்பு உதவித் திட்டத்தை அரசு 2019இல் அறிவித்தது. அப்போது அவர்களுள் மூத்தவர்கள் ஐம்பது வயதை நெருங்கியிருந்தனர்.