மத்தியாஸ் சாமர்: இரு ஜெர்மனிகளின் கால்பந்து வரலாற்றில் ஒரு வாழ்க்கை

மத்தியாஸ் சாமர் ஜெர்மனியின் புகழ்பெற்ற கால்பந்து வீரர்களுள் ஒருவர். பின்னாளில் பயிற்சியாளராகவும் விளையாட்டு இயக்குநராகவும் பணியாற்றியவர். நடுகள வீரராகத் தொடங்கி, பிறகு தற்காப்பு வரிசையின் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் 'லிபரோ' நிலைக்கு மாறினார். கிழக்கு ஜெர்மனி அணிக்காக 23 ஆட்டங்களிலும், ஒன்றிணைந்த ஜெர்மனி அணிக்காக 51 ஆட்டங்களிலும் ஆடியுள்ளார். 1996இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 'பலோன் டி ஓர்' விருதைப் பெற்றார். கிழக்கு ஜெர்மனிக் கால்பந்தில் உருவாகி அவ்விருதைப் பெற்ற ஒரே வீரர் இவரே.

ஒரு நாடு மறைந்து மற்றொரு நாட்டுடன் இணைந்தபோது அதன் விளையாட்டு என்ன ஆனது என்பதை இவருடைய வாழ்க்கையின் வழியாகத் தெளிவாகக் காணலாம்.

பிறப்பும் இளமையும்

சாமர் 1967 செப்டம்பர் 5 அன்று, அப்போதைய கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை கிளாவுஸ் சாமர் டைனமோ டிரெஸ்டன் கழகத்தின் தற்காப்பு வீரராகவும் கிழக்கு ஜெர்மனி தேசிய அணியின் வீரராகவும் இருந்தவர். பிறகு அதே கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டு என்பது அரசின் பொறுப்பில் இருந்தது. திறமையுள்ள சிறுவர்கள் இளம் வயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுத் தனி விளையாட்டுப் பள்ளிகளில் பயிற்றுவிக்கப்பட்டனர். கழகங்களுக்கும் அரசுத் துறைகளே பின்புலமாக இருந்தன. டைனமோ டிரெஸ்டன் காவல்துறை சார்ந்த விளையாட்டு அமைப்பின்கீழ் இயங்கியது. அதே அமைப்பைச் சேர்ந்த பெர்லின் கழகமான பிஎஃப்சி டைனமோ, அரசின் உளவுத்துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் ஆதரவைப் பெற்றிருந்தது. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 முறை அக்கழகமே தேசிய லீக் பட்டத்தை வென்றது. நடுவர்கள் அதற்குச் சாதகமாக நடந்துகொள்கிறார்கள் என்ற குமுறல் மற்ற நகரங்களின் ரசிகர்களிடையே நீண்டகாலம் இருந்தது.

சாமர் 1985இல் தந்தையின் பயிற்சியின்கீழ் டிரெஸ்டனின் முதன்மை அணியில் இடம்பெற்றார். அந்தப் பருவத்தின் முடிவு தந்தைக்குக் கசப்பானதாக அமைந்தது. 1986 மார்ச் 19 அன்று, கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில், மேற்கு ஜெர்மனியின் பேயர் ஊர்டிங்கன் அணியை டிரெஸ்டன் இரண்டாவது முறையாகச் சந்தித்தது. முதல் சுற்றை 2-0 என வென்றிருந்த டிரெஸ்டன், இதிலும் இடைவேளையின்போது 3-1 என முன்னிலையில் இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியில் ஆறு கோல்களை வாங்கி 7-3 எனத் தோற்றது. அன்றிரவே டிரெஸ்டன் வீரர் பிராங்க் லிப்மன் நாடு திரும்பாமல் மேற்கிலேயே தங்கிவிட்டார். மேற்கு ஜெர்மனி அணியிடம் அடைந்த தோல்வி, ஒரு வீரரின் வெளியேற்றம் ஆகிய இரண்டும் சேர்ந்து அரசியல் விவகாரமாயின. கிளாவுஸ் சாமர் அந்தப் பருவத்தோடு பதவியை இழந்தார்.

மகனின் வளர்ச்சி இதனால் தடைப்படவில்லை. 1986இல் 18 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் பட்டத்தை வென்ற அணியிலும், 1987இல் சிலியில் நடந்த உலக இளையோர் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற அணியிலும் அவர் இருந்தார். 1989இல் பிஎஃப்சி டைனமோவின் பத்தாண்டு ஆதிக்கத்தை டிரெஸ்டன் முறியடித்துப் பட்டம் வென்றது. 1990இல் லீக், கோப்பை இரண்டையும் கைப்பற்றியது. 1989இல் யூஃபா கோப்பையின் அரையிறுதி வரை சென்று, மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியிடம் தோற்றது.

சுவர் விழுந்த பின்

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. ஆறு நாள்கள் கழித்து, கிழக்கு ஜெர்மனி அணி வியன்னாவில் ஆஸ்திரியாவை எதிர்கொண்டது. சமன் செய்திருந்தாலே 1990 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கும். ஆனால் 3-0 எனத் தோற்றது. வீரர்களை ஒப்பந்தம் செய்ய மேற்கு ஜெர்மனிக் கழகங்கள் அதற்குள் முனைந்துவிட்டன. பெர்லின் வீரர் ஆந்திரியாஸ் டோம் அடுத்த சில வாரங்களிலேயே பேயர் லேவர்குசனில் சேர்ந்தார். டிரெஸ்டனிலிருந்து சாமரும் உல்ஃப் கிர்ஸ்டனும் 1990 கோடையில் வெளியேறினர். சாமர் சேர்ந்தது, முந்தைய ஆண்டு தம் அணியை வென்ற அதே ஸ்டுட்கார்ட் கழகத்தில்.

1990 செப்டம்பர் 12 அன்று கிழக்கு ஜெர்மனி அணி தனது கடைசி ஆட்டத்தை பிரஸ்ஸல்ஸ் நகரில் பெல்ஜியத்துக்கு எதிராக ஆடியது. 1992 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காகத் திட்டமிடப்பட்டிருந்த இது, நாடுகள் இணைவது உறுதியானதால் நட்பு ஆட்டமாக மாற்றப்பட்டது. முன்னணி வீரர்கள் பலர் வர மறுத்தனர். பயிற்சியாளர் எடுவார்ட் கையரிடம் இருந்தவர்கள் 14 பேர் மட்டுமே. அணித்தலைவராக ஆடிய சாமர் 73வது நிமிடத்திலும் ஆட்டம் முடியும் தறுவாயிலும் கோல் அடிக்க, அணி 2-0 என வென்றது. அதே நாளில்தான் மாஸ்கோவில் ஜெர்மனியின் இணைப்புக்கு வழிவகுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. மூன்று வாரங்களில் அந்த நாடே இல்லாமற்போனது. கிழக்கு ஜெர்மனி ஆடிய 293 அதிகாரப்பூர்வ ஆட்டங்களின் வரலாறு, சாமர் அடித்த கோலுடன் முடிந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று ஸ்டுட்கார்ட்டில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஒன்றிணைந்த ஜெர்மனி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. தொடக்க அணியில் இடம்பெற்ற முதல் கிழக்கு ஜெர்மன் வீரர் சாமர்தான்.

மேற்கில் பெற்ற வெற்றிகள்

1992இல் ஸ்டுட்கார்ட் புண்டஸ்லிகா பட்டம் வென்றது. கடைசி நாளில் ஸ்டுட்கார்ட், டோர்ட்முண்ட், பிராங்பர்ட் ஆகிய மூன்று அணிகளுக்கும் வாய்ப்பு இருந்தது. லேவர்குசனில் நடந்த ஆட்டத்தில் சாமர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபின், கீடோ புக்வால்ட் 86வது நிமிடத்தில் அடித்த கோல் பட்டத்தைத் தந்தது. பிறகு இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்குச் சென்ற சாமர் அங்கே நிலைக்கவில்லை. 1993 ஜனவரியில் போருசியா டோர்ட்முண்ட் கழகத்தில் சேர்ந்தார்.

டோர்ட்முண்டில் பயிற்சியாளர் ஓட்மார் ஹிட்ஸ்பெல்ட், சாமரை நடுகளத்திலிருந்து லிபரோ நிலைக்கு நகர்த்தினார். லிபரோ எந்த எதிரணி வீரரையும் ஒட்டி நிற்பதில்லை. தற்காப்பு வரிசையைத் தாண்டி வரும் பந்தைத் தடுப்பதும், பந்து கிடைத்ததும் முன்னேறித் தாக்குதலைத் தொடங்குவதும் அவர் வேலை. நடுகள வீரருக்குரிய ஓட்டமும் பார்வையும் கொண்டிருந்த சாமருக்கு இது இயல்பாகப் பொருந்தியது. டோர்ட்முண்ட் 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளிலும் புண்டஸ்லிகாவை வென்றது. ஜெர்மனியின் சிறந்த வீரர் விருது இரு ஆண்டுகளிலும் சாமருக்கே கிடைத்தது.

சாமர் அங்கே முதல் பட்டத்தைப் பெற்ற அதே 1995இல், அவரை வளர்த்த டைனமோ டிரெஸ்டன் புண்டஸ்லிகாவில் கடைசி இடம்பெற்று, நிதி நெருக்கடியால் உரிமமும் மறுக்கப்பட்டு மூன்றாம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டது. இணைப்பின்போது கிழக்கிலிருந்து புண்டஸ்லிகாவில் சேர்க்கப்பட்ட கழகங்கள் டிரெஸ்டன், ஹன்சா ரோஸ்டாக் ஆகிய இரண்டு மட்டுமே. வீரர்கள் மேற்கில் வாழ்வு பெற்றனர். அவர்களை உருவாக்கிய கழகங்கள் சரிந்தன.

1996 ஐரோப்பியக் கோப்பை சாமரின் உச்சம். ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோலும், காலிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக வெற்றி கோலும் அடித்தார். ஜூன் 30 அன்று வெம்பிளியில் நடந்த இறுதி ஆட்டத்தில், செக் வீரர் போபோர்ஸ்கியை இவர் தடுக்கி வீழ்த்தியதற்காகவே செக் குடியரசுக்குப் பெனால்டி வழங்கப்பட்டது. அதனால் பின்தங்கிய ஜெர்மனியை மாற்று வீரர் ஒலிவர் பியர்ஹோப் மீட்டு, கூடுதல் நேரத்தில் தங்க கோல் அடித்து 2-1 என வெற்றி பெறவைத்தார். தொடரின் சிறந்த வீரர் சாமர். அவ்வாண்டு பலோன் டி ஓர் வாக்கெடுப்பில் 144 புள்ளிகள் பெற்று, 143 புள்ளிகள் பெற்ற பிரேசிலின் ரொனால்டோவை ஒரே புள்ளியில் முந்தினார்.

1997 மே 28 அன்று மியூனிக்கில் யுவென்டஸை 3-1 என வென்று டோர்ட்முண்ட் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தைப் பெற்றது. அப்போது சாமருக்கு வயது 29. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டது. அதன்பின் அவரால் மீண்டும் ஆட முடியவில்லை. உலகின் முதல்தர வீரராக விருது பெற்ற ஓராண்டுக்குள் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

பயிற்சியாளராக

2000 ஏப்ரலில் டோர்ட்முண்ட், கீழ் லீக்குக்கு இறங்கும் ஆபத்தில் இருந்தது. மூத்த பயிற்சியாளர் உடோ லாடெக் அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக சாமர் அமர்த்தப்பட்டார். அணி தப்பியது. கோடையில் சாமர் தலைமைப் பயிற்சியாளரானார். ரோசிட்ஸ்கி, கோலர், அமரோசோ போன்றோர் அடங்கிய அணி 2002இல், கடைசி மூன்று ஆட்டங்களுக்கு முன் ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்த லேவர்குசனைக் கடந்து பட்டம் வென்றது. 34 வயதில், புண்டஸ்லிகா வென்ற பயிற்சியாளர்களில் அதுவரை மிக இளையவர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. நான்கு நாள்கள் கழித்து யூஃபா கோப்பை இறுதியில் பெயனூர்ட் அணியிடம் 3-2 எனத் தோல்வி.

அடுத்த ஆண்டுகள் சரிவின் ஆண்டுகள். 2003இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் கிளப் புரூக் அணியிடம் பெனால்டி முறையில் தோற்றது, பெரும் செலவில் கட்டப்பட்ட கழகத்துக்குப் பலத்த அடியானது. 2004இல் சாமர் விலகினார். ஸ்டுட்கார்ட்டில் ஒரு பருவம் பணியாற்றி ஐந்தாம் இடம் பெற்றும் அங்கே தொடரவில்லை. அதன்பின் எந்தக் கழகத்துக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராகவில்லை.

இளையோர் வளர்ப்பில்

2006இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு இயக்குநரானார். தேசியப் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன் இப்பதவிக்கு ஹாக்கிப் பயிற்சியாளர் பெர்ன்ஹார்ட் பீட்டர்சை விரும்பினார். சங்கம் சாமரைத் தேர்ந்தெடுத்தது. 2000 ஐரோப்பியக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு ஜெர்மனி நாடெங்கும் திறன் வளர்ப்பு மையங்களை அமைத்திருந்தது. அந்த அடித்தளத்தின்மேல், எல்லா வயது அணிகளுக்கும் பொதுவான பயிற்சி நெறியையும் வெல்லும் மனப்பாங்கையும் வலியுறுத்தியது சாமரின் பங்கு. 2008இல் 19 வயதுக்குட்பட்டோர், 2009இல் 17 மற்றும் 21 வயதுக்குட்பட்டோர் என மூன்று ஐரோப்பியப் பட்டங்களையும் ஜெர்மனி ஒரே காலத்தில் வைத்திருந்தது. 2009இல் வென்ற 21 வயதுக்குட்பட்டோர் அணியின் நாயர், போவடெங், ஹும்மல்ஸ், ஹேவெடஸ், கெதீரா, ஓசில் ஆகிய அறுவரும் 2014 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தனர்.

2012 முதல் 2016 வரை பயர்ன் மியூனிக்கின் விளையாட்டு இயக்குநராக இருந்தார். 2013இல் அக்கழகம் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அவருடைய நான்கு பருவங்களிலும் புண்டஸ்லிகா பட்டம் பயர்னுக்கே சென்றது. உடல்நலக் குறைவுக்குப் பின் 2016இல் விலகினார். 2018 முதல் டோர்ட்முண்டின் ஆலோசகராகப் பணியாற்றினார்.

மதிப்பீடு

ஐரோப்பாவின் சிறந்த வீரராக சாமர் ஏற்கப்பட்ட நிலையும் கிழக்கு ஜெர்மன் லிபரோவாக அவர் பெற்ற இடமும் வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றன. அவருக்குப் பின் லிபரோ என்ற நிலையே நவீன ஆட்டத்திலிருந்து மெல்ல மறைந்தது. கிழக்கு ஜெர்மனிக் கழகங்கள் இழந்த இடத்தை முழுமையாக மீட்கவில்லை. ஆனால் திறமையை இளமையிலேயே கண்டறிந்து முறையாக வளர்க்க வேண்டும் என்ற கருத்து ஒன்றிணைந்த ஜெர்மனியில் மீண்டும் வேரூன்றியது. அவ்வகைப் பயிற்சியில் வளர்ந்த ஒருவரே அதற்குப் பொறுப்பேற்றார் என்பது, வெற்றி பெற்ற நாடு தோற்றுப்போன நாட்டிடமிருந்தும் கற்றுக்கொள்ள ஏதோ இருந்தது என்பதைக் காட்டுகிறது.