அண்டத்தின் மூடுபனியைக் கலைத்த சிறிய விண்மீன் திரள்கள்

யட்டியாந்தோட்டை மலைகளில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு மூடுபனி புதிதல்ல. வெயில் ஏறினால் பனி கலையும், எதிர்மலை லயங்கள் தெரியும். அண்டத்துக்கும் அப்படியொரு மூடுபனிக் காலம் இருந்தது. அதைக் கலைத்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

அண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளில் வெப்பம் தணிந்து, புரோத்தன்களும் இலத்திரன்களும் சேர்ந்து ஐதரசன் அணுக்களாயின. பின்னர் முதல் விண்மீன்கள் தோன்றியபோது அவற்றின் புறஊதாக் கதிர்களை இந்த வாயு உறிஞ்சியது. உறிஞ்சிய அணுக்கள் இலத்திரனை இழந்து அயன்களாகின. விண்மீன் திரள்களைச் சுற்றித் தெளிந்த குமிழிகள் உருவாகி, விரிந்து, ஒன்றோடொன்று கலந்தன. அண்டத்துக்குச் சுமார் 100 கோடி வயதானபோது இந்த வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. இதையே மீளயனாக்கம் என்கிறார்கள்.

இதற்கான கதிர்களைத் தந்தவை பெரிய திரள்களா, கருந்துளைகளால் ஒளிரும் குவேசார்களா, மங்கலான சிறு திரள்களா என்பது நீண்டகால விவாதம். சிறியவை எண்ணிக்கையில் மிக அதிகம். ஆனால் அவற்றின் ஒளியைப் பகுத்துப் பார்க்கும் வலு பழைய தொலைநோக்கிகளுக்கு இருக்கவில்லை.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீற்றர் அகலமானது. அதற்கும் இயற்கையின் உதவி தேவைப்பட்டது. ஏபெல் 2744 என்ற விண்மீன் திரள் கொத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்குகிறது. இவ்வாறான ஈர்ப்பு வில்லைகளை ஆராய்வதில் பெயர்பெற்றவர்களுள் ஒருவர், கோயம்புத்தூரில் பிறந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன்.

அந்தக் கொத்தின் ஊடாக ஹக்கிம் அதெக் தலைமையிலான குழு 8 மங்கலான திரள்களை ஆராய்ந்து, 2024 பெப்ரவரியில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. வழமையாகக் கருதப்பட்டதைவிட 4 மடங்கு அதிகமான அயனாக்கக் கதிர்களை அவை உருவாக்குகின்றன. எல்லாச் சிறு திரள்களும் இப்படியே இருந்தால், அக்கதிர்களில் சுமார் 5 சதவீதம் வெளியே தப்பினாலே மூடுபனியைக் கலைக்கப் போதும்.

அந்த 5 சதவீதம் தப்பியதா? இடையிலுள்ள ஐதரசன் மறைப்பதால் அதை நேரடியாக அளக்க முடியாது. எனவே அண்மைய திரள்களில் தடயம் தேடுகிறார்கள். 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு திரளிலிருந்து இத்தகைய கதிர் தப்பி வருவதை இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செய்மதி கண்டறிந்தது, 2020இல் அறிவிக்கப்பட்டது.

இப்போது எதிர்ப்பக்கச் சிக்கலும் எழுந்துள்ளது. சிறு திரள்கள் எல்லாமே இவ்வளவு வீரியமானவை என்றால், மூடுபனி மற்றைய அவதானிப்புகள் காட்டுவதைவிட முன்னதாகவே கலைந்திருக்க வேண்டும். ஒரே வான்திசையில் பார்த்த 8 திரள்களை வைத்து இதைத் தீர்க்க முடியாது. வேறு திசைகளிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்று மாறிவிட்டது: கண்ணுக்கே படாதவை என்று கணக்கில் பின்தள்ளப்பட்டவை, இன்று அந்தக் கணக்கின் முதல் வரியில் நிற்கின்றன.