அயர்லாந்துத் தொலைக்காட்சியின் முதல் ஆண்டு: 1962

அயர்லாந்தின் சொந்தத் தொலைக்காட்சி நிலையமான 'டெலிஃபீஷ் ஏரன்' ஒளிபரப்பைத் தொடங்கியது 1961 டிசம்பர் 31, ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. ஆண்டு முடிய ஐந்து மணி நேரமே இருந்ததால், 1962-ஐத்தான் அதன் முதல் ஆண்டாகக் கொள்ள வேண்டும்.

தொடக்க இரவுக் கொண்டாட்டம் டப்ளின் நகரின் ஓகானல் தெருவில் உள்ள கிரெஷாம் ஹோட்டலில் நடந்தது. வெளியே பனி கொட்டியது. அப்படியும் தெருவில் கூட்டம், பேண்டு வாத்தியம். திரையில் முதலில் பேசியவர் குடியரசுத் தலைவர் ஏமன் டி வலேரா. எண்பதை நெருங்கியவர், பார்வையையும் பெரும்பாலும் இழந்திருந்தவர். தொலைக்காட்சியை நினைத்தால் தமக்கு ஓரளவு அச்சமாக இருக்கிறது என்றார். அணுசக்தியைப் போல இதுவும் பெருநன்மை செய்யலாம், ஈடுகட்ட முடியாத தீங்கும் செய்யலாம் என்றார். வாழ்த்துரைக்கு அழைக்கப்பட்டவர் எச்சரித்துவிட்டுப் போனார். திறப்பு விழாக்களில் மனத்தில் பட்டதை இப்படிச் சொல்பவர்கள் அரிது.

அச்சப்பட்ட நாடு ஏன் நிலையம் தொடங்கியது? அண்டை வீட்டு அலைகள் ஏற்கெனவே கூரைமேல் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கிழக்குக் கரையிலும் வட எல்லையிலும் இருந்தவர்கள் உயரமான ஆன்டெனா நட்டு பிபிசியைப் பார்த்தார்கள். 1959-இல் பெல்பாஸ்டிலிருந்து அல்ஸ்டர் தொலைக்காட்சியும் வந்தது. அயர்லாந்திடம் அதுவரை இருந்த வானொலியோ அஞ்சல் துறையின் ஒரு கிளை. அதன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள். டப்ளின் தலைமை அஞ்சலகக் கட்டடத்தில்தான் அது இயங்கியது. 1960-இல் வந்த ஒலிபரப்பு ஆணையச் சட்டம் வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் துறையின் பிடியிலிருந்து விடுவித்துத் தனி ஆணையத்திடம் ஒப்படைத்தது. வருவாய்க்கு உரிமக் கட்டணம், விளம்பரம் என இரண்டு வழிகள். ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எதை ஒளிபரப்பக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரத்தை அமைச்சரிடமே விட்டுவைத்தது. அந்தப் பிரிவின் கீழ் 1971-இல் தொடங்கிய தடையுத்தரவுகள் 1994 வரை நீடித்தன. விடுதலைப் பத்திரத்தில் அரசு ஒரு கயிற்றைக் கட்டித்தான் கொடுத்தது.

ஆணையத்தின் தலைவர் ஏமன் ஆண்ட்ரூஸ், பிபிசியில் பெயர் பெற்ற டப்ளின்காரர். தலைமை இயக்குநராக வந்த எட்வர்ட் ராத் அமெரிக்கர். டப்ளினின் தென்பகுதியில், டானிபுரூக் வட்டாரத்து மான்ட்ரோஸில் நிலையத்துக்கான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை முடியுமுன்பே ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. விக்லோ மலையின் கிப்பூர் சிகரத்தில் நிறுவிய ஒளிபரப்புக் கோபுரம் கிழக்குப் பகுதிக்குத்தான் எட்டியது. மேற்கிலும் தெற்கிலும் இருந்தவர்கள் மற்றக் கோபுரங்கள் எழும்வரை காத்திருந்தார்கள்.

நிலையத்தின் அன்றைய சின்னம் புனித பிரிஜித்தின் சிலுவை: கோரைப் புல்லை நடுவில் சதுரமாகப் பின்னி, நான்கு கைகளையும் நுனியில் கட்டிச் செய்வது. பிப்ரவரி முதல் நாள் வரும் புனிதையின் திருநாளுக்காக வீடுகளில் முடைவார்கள். மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி ஒலிப்பது வானொலியில் 1950 முதல் இருந்த வழக்கம். 1962-இல் அது தொலைக்காட்சிக்கும் வந்தது. செய்தி வாசித்த சார்ல்ஸ் மிட்செல் நாடக மேடையிலிருந்து வந்தவர். இடைப்பட்ட நேரத்தை அமெரிக்கத் தொடர்கள் நிரப்பின. சொந்தமாகத் தயாரிக்கப் பணமும் பழகிய ஆட்களும் போதவில்லை.

செப்டம்பரில் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதியாட்டம் முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பானது. கெர்ரி அணி 1-12 (ஒரு கோல், 12 புள்ளிகள்), ராஸ்காமன் அணி 1-6. முதல் நிமிடத்திலேயே கெர்ரி கோல் போட்டுவிட்டது. அதன்பின் ஆட்டத்தில் சுவை இல்லை என்பதே ரசிகர்களின் பொதுத் தீர்ப்பு.

ஆனால் அந்த ஆண்டு விட்டுச்சென்ற பெரிய சொத்து, யாரும் பெரிதாக எண்ணாமல் தொடங்கியது. கோடைக்காலத்தை ஒப்பேற்றச் சில வாரங்களுக்கென்று திட்டமிட்ட ஓர் அரட்டை நிகழ்ச்சி, ஜூலை 6, வெள்ளிக்கிழமை இரவு நேரலையாக வந்தது. பெயர் 'தி லேட் லேட் ஷோ'. நடத்தியவர் கே பர்ன், அப்போது மான்செஸ்டரின் கிரனாடா தொலைக்காட்சியிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். கண்ணெதிரே பார்வையாளர்கள், எழுதி வைக்காத பேச்சு. மணவாழ்க்கை, மதம், அரசியல் என்று வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசாதவை அடுத்துவந்த ஆண்டுகளில் அந்த மேடையில் பேசப்பட்டன. ஆயர்கள் கண்டித்தார்கள், மக்கள் பார்த்தார்கள். டி வலேரா அஞ்சியதும் அநேகமாக இதைத்தான். நாட்டுக்கு அதனால் கெடுதல் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ராத் அதிக காலம் இருக்கவில்லை. 1963 தொடக்கத்தில் கெவின் மெக்கோர்ட் பொறுப்பேற்றார். 1966-இல் நிலையத்தின் பெயர் 'ராடியோ டெலிஃபீஷ் ஏரன்' என்று மாறி, ஆர்டிஇ என்ற சுருக்கப் பெயர் நிலைத்தது. கே பர்ன் தம் நிகழ்ச்சியிலிருந்து 1999-இல் ஓய்வு பெற்றார். கோடைக்கு மட்டும் என்று தொடங்கிய 'தி லேட் லேட் ஷோ' 2023 முதல் பேட்ரிக் கீல்டி நடத்த, இன்றும் வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்துகொண்டிருக்கிறது.