சின்னப் பெட்டியும் மூன்று வால்வுகளும்

வானொலிப் பெட்டியின் பொத்தானைத் திருகியதும் பாட்டு வராத காலம் ஒன்று இருந்தது. பெட்டிக்குள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறும். சற்று நேரம் சென்று முதலில் இரைச்சலும் பின்னர் குரலும் கேட்கும். "வால்வு சூடேற வேண்டும், பொறு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நேயர்களே, இன்று நாம் பேசப்போவது அந்த வால்வைப் பற்றித்தான். ஆனால் வானொலியை விட்டு, கித்தார் வாசிப்போர் வைத்திருக்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிபையரின் வழியே பேசுவோம். பெரும்பாலான இடங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்ட வால்வு, அங்கே இன்னும் விடாப்பிடியாகக் குடியிருக்கிறது.

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் என்பவர், காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் மின்சாரம் ஒரே திசையில் மட்டும் பாயுமாறு செய்தார். தண்ணீர்க் குழாயின் வால்வு ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுப்பதைப் போன்றது இது. பெயரும் அப்படியே அமைந்தது. அமெரிக்கர்கள் இதை டியூப் என்பார்கள். 1906இல் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் குமிழுக்குள் மெல்லிய கம்பிச் சட்டம் ஒன்றைச் சேர்த்தார். ஏரி மதகின் பலகையை ஒருவன் ஒரு கையால் அசைத்தால் எவ்வளவு தண்ணீர் கூடிக் குறைகிறது! அதுபோல அந்தச் சட்டத்திற்கு வரும் சின்னஞ்சிறு மின் அசைவு, பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைத்தது. மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் வித்தை இதிலிருந்துதான் பிறந்தது.

இனிக் கலிபோர்னியாவுக்குப் போவோம். லியோ பெண்டர் 1909இல் பிறந்தவர். கணக்கெழுதும் வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. 1938இல் புல்லர்ட்டன் என்ற ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை. ஆயினும் பழுதான பெட்டிகளைத் தினந்தோறும் திறந்து பார்த்தவருக்கு, ஒரு பெட்டி எங்கே கெடும், கெட்டால் கை எங்கே போகவேண்டும் என்பது தெரிந்திருந்தது. இதுவே அவருடைய பெட்டிகளின் பலம் என்பது நம் கருத்து.

1948இல் அவருடைய நிறுவனம் 'சாம்பியன்' என்ற சிறிய ஆம்ப்ளிபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது 'சாம்ப்' என்று பெயர் சுருங்கியது. பழகுகிறவர்களுக்கான பெட்டி, அதன் ஆற்றல் சுமார் 5 வாட் மட்டுமே. அதே சிறு பெட்டியை எரிக் கிளாப்டன் 1970இல் வெளிவந்த 'லைலா' இசைத்தட்டுப் பதிவில் பயன்படுத்தினார்.

1950களின் பிற்பகுதியில் செய்த சாம்பில் மூன்றே வால்வுகள். 12ஏஎக்ஸ்7 என்பது கித்தாரிலிருந்து வரும் மெல்லிய ஒலியை முதலில் தூக்கிவிடும். 6வி6 அதற்கு வலுவூட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். 5ஒய்3 என்பது மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும். முன்னால் உள்ள எண் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பிக்கு எத்தனை வோல்ட் என்பதை ஏறக்குறையக் காட்டும். எந்த வால்வு எந்த இடத்தில் என்பதைக் காட்டும் காகிதம் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள். அக்காலத்தில் அமெரிக்காவின் மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் வால்வைச் சோதிக்கும் இயந்திரங்கள் நின்றன. வீட்டுக்காரரே வால்வைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ச் சோதித்து, புதியது வாங்கி வந்து செருகுவார். பழுது பார்க்க முடிகிற பொருளாகவே அதைச் செய்திருந்தார்கள்.

வால்வு ஏன் மாற்ற வேண்டியதாகிறது? சூட்டில் எலக்ட்ரான்களை உமிழும் பூச்சு நாளடைவில் தேய்கிறது. ஒலி மங்கும், லேசாகத் தட்டினால் கணீரென்று எதிரொலிக்கும். கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோல் பளபளக்கும் படலம் வெளுத்துவிட்டால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது.

மாற்றும் முறை எளிதுதான், ஆனால் இங்கே நாம் கண்டிப்பாகப் பேசவேண்டும். முதலில் மின்செருகியைப் பிடுங்குங்கள். வெறும் விசையை அணைத்தால் போதாது. வால்வு ஆறட்டும், சுட்ட வால்வு கையைப் பொசுக்கும். சாம்பில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன. அடிப்பாகத்தைப் பிடித்து, நேராகக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். பெரிய வால்வுகளின் ஊசிகளுக்கு நடுவே ஒரு வழிகாட்டி முனை உண்டு. சிறியதன் ஒன்பது ஊசிகளுக்கிடையே ஓர் இடைவெளி உண்டு. அவற்றைப் பார்த்துப் பொருத்தினால் தவறாகச் செருகவே முடியாது. ஒலிபெருக்கியை இணைக்காமல் மின்சாரம் கொடுத்தால் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் எரியக்கூடும். உலோகத் தட்டை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

இன்னொன்று. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பழைய பெட்டி 117 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு மின்சாரம் அதைப்போல் இரு மடங்கு. நேரே செருகினால் எல்லாம் முடிந்தது. அந்தப் பெட்டிகளில் பூமிக் கம்பியில்லாத இரண்டு முனைச் செருகியே இருக்கும். மூன்று முனைச் செருகியும் தகுந்த டிரான்ஸ்பார்மரும் பொருத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. காசைப் பார்த்து நாமே முயலக்கூடாது. பெரிய ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் வெளியீட்டு வால்வை மாற்றியதும் மின்னோட்டத்தைச் சரிசெய்யவும் வேண்டும்; சாம்பில் அது தானாகவே அமைந்துகொள்ளும்.

1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது சூடேறக் காத்திருக்காது, கண்ணாடியில்லை, விலையும் குறைந்தது. லியோ பெண்டர் 1965இல் தம் நிறுவனத்தை விற்றார், 1991இல் காலமானார். மேற்கு நாடுகளின் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று சீனாவிலும் ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் 12ஏஎக்ஸ்7, 6வி6 ஆகியவற்றைச் செய்கிறார்கள். அவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கித்தார்காரர்கள்தாம். அறுபது ஆண்டு கடந்த சாம்ப் பெட்டிக்குள்ளும் இன்று செய்த 6வி6 அதே குழியில் உட்காருகிறது.